கதவை மூடியதால் வந்த பெயர்

கனடாவில் வாழும் பழைய நண்பரொருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். குரலில் இழவு வீட்டின் சாயல் தெரிந்தது. விசாரித்ததில், அவருடைய பேத்திக்குச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்பதே செய்தி. “அதற்கு ஏன் ஐசே இந்தத் துக்கம்?” என்று கேட்டேன். “ஹாவார்ட் இல்லையென்று எழுதிவிட்டதே” என்றார்.

புலம்பெயர்ந்த எங்கள் மக்களிடையே இத்தகைய துக்கம் இப்போது பரவலாகக் காணப்படுகின்றது. ஒரு பல்கலைக்கழகம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகின்றதோ அந்த அளவுக்கு அங்கு படிக்கும் மாணவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது பலருடைய கணக்கு. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை நண்பருக்குச் சொல்ல முயன்றேன். அதனையே இங்கு சற்று விரிவாக எழுதுகின்றேன்.

ஹாவார்ட் 1636 இல் தொடங்கப்பட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கு ‘தெரிவு’ என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்து கட்டணத்தையும் செலுத்தக்கூடியவருக்கு இடம் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகள் தனியார் விடுதிப் பாடசாலைகளிலிருந்து நேரே வந்து சேர்ந்தனர். அவர்களிற் பலருக்குப் படிப்பு இரண்டாம் பட்சமே.

சிக்கல் தொடங்கியது ஏழைகள் பரீட்சையில் சித்தியடையத் தொடங்கியபோதுதான். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் அந்தப் பரீட்சையை எளிதாகத் தாண்டினர். 1900 அளவில் ஹாவார்டின் புதுமுக மாணவர்களில் நூற்றுக்கு ஏழு பேராக இருந்த யூதர்கள் 1922 இல் இருபத்தொருவருக்கு மேலாகினர். அப்போது தலைவராக (எங்கள் நாட்டு வழக்கில் உபவேந்தராக) இருந்தவர் லோறன்ஸ் லோவெல். யூதர்களுக்கு உச்சவரம்பு விதிக்கவேண்டுமென்று அவர் வெளிப்படையாகவே முன்மொழிந்தார். பெரும் சர்ச்சை எழுந்தது. 1923 இல் ஆசிரியர் குழுவொன்று அதனை நிராகரித்தது.

லோவெல் விட்டுவிடவில்லை. 1922 இலேயே விண்ணப்பப் படிவத்தில் ஒரு புதிய கேள்வி சேர்க்கப்பட்டிருந்தது: பிறந்த பின்னர் உமது பெயரிலோ தந்தையின் பெயரிலோ மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா? 1926 முதல் புள்ளிகள் மட்டும் போதாது, ‘குணநலமும்’ பார்க்கப்படும் என்றாயிற்று. புகைப்படமும் கேட்டார்கள். தூர மாநிலங்களிலிருந்து வருவோருக்கு முன்னுரிமை என்ற வழியும் கையாளப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் யூத மாணவரின் பங்கு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 1970களில் தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் கண்ட எங்கள் தலைமுறைக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் நாட்டிலே பகிரங்கமாகச் செய்யப்பட்டது அங்கே நேர்முகப் பரீட்சை அறைக்குள் நடந்தது என்பதுதான் வித்தியாசம்.

அப்படியானால் ஹாவார்டுக்குள் போகமுடியாதவர்கள் எங்கே போனார்கள்? நியூயோர்க் நகரில் 1847 இல் தொடங்கப்பட்ட சிற்றி கொலேஜ் இருந்தது. கட்டணம் கிடையாது. மாணவர்கள் வீட்டிலிருந்து சுரங்க ரயிலில் வந்துபோனார்கள். ‘ஏழைகளின் ஹாவார்ட்’ என்று அதற்குப் பெயர். 1937 ஆம் ஆண்டில் மட்டும் அங்கு பட்டம் பெற்று வெளியேறியவர்களுள் ஆதர் கோர்ன்பேர்க், ஹேர்பேட் ஹோப்ற்மன், ஜெரோம் கார்ல் ஆகிய மூவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர். இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்த ஜோனஸ் சோல்க் அங்கு 1934 இல் பட்டம் பெற்றவர். மாணவரின் தரம் வேறு, பல்கலைக்கழகத்தின் பெயர் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நகரின் நிதி நெருக்கடியால் அந்த இலவசக் கல்வி 1976 இல் முடிவுக்கு வந்தது ஒரு சோகக்கதை.

ஹாவார்டைப் பற்றிச் சொல்லும்போது லோவெலுக்குப் பின்வந்த ஜேம்ஸ் கோனன்றை விட்டுவிடலாகாது. 1930களின் நடுப்பகுதியில் அவர் தேசியப் புலமைப்பரிசிலை ஏற்படுத்தி, சிற்றூர்ப் பாடசாலைகளிலிருந்தும் கெட்டிக்காரரைத் தேடினார். தேர்வுக்கு அவர் கையாண்ட எஸ்.ஏ.ரி. பரீட்சை பின்னர் நாடு முழுவதும் பரவியது.

இனிச் சிக்காகோ. 1890 இல் ரொக்ஃபெல்லரின் பணத்தில் எழுந்த இந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1929 இல் றொபேட் ஹச்சின்ஸ் என்ற முப்பது வயது இளைஞர் தலைவரானார். புகழ்பெற்றிருந்த உதைபந்தாட்டக் குழுவை (அமெரிக்க வகை உதைபந்தாட்டம்தான்) 1939 இல் கலைத்துவிட்டார். கைவிடப்பட்ட அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2 ஆம் திகதி உலகின் முதலாவது கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்தது. பதினைந்து வயதுப் பையன்களையும் ஹச்சின்ஸ் சேர்த்துக்கொண்டார். டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட ஜேம்ஸ் வொட்சன் 1943 இல் அவ்வாறு சேர்ந்தவர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 இல் அங்கு பணியேற்றார். அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி வளாகத்தில் விரிவுரை நடத்த விடக்கூடாதென்று பீடாதிபதியொருவர் தடுத்தபோது ஹச்சின்ஸ் அதனை மீறி அனுமதித்தார். சந்திரசேகர் இருந்தது விஸ்கொன்சின் மாநிலத்து யேர்க்ஸ் வானியல் ஆய்வுக்கூடத்தில். 1940களின் பிற்பகுதியில் எண்பது மைலுக்கு மேல் காரோட்டி வந்து அவர் நடத்திய வகுப்பொன்றில் இரண்டே மாணவர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் லீயும் யாங்கும். இருவரும் 1957 இல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு 1983 இல்தான் கிடைத்தது. லீ சீனாவிலிருந்து வந்தபோது இளமாணிப் பட்டம்கூடப் பெற்றிருக்கவில்லை. பட்டமில்லாதவரையும் மேற்படிப்புக்கு எடுக்கச் சிக்காகோ முன்வந்ததனாலேயே அவர் அங்கு சேர்ந்தார்.

இத்தனை பெருமையிருந்தும் 1990களின் நடுப்பகுதியில் இளமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்தோரில் பாதிக்கு மேற்பட்டோரைச் சிக்காகோ ஏற்றுக்கொண்டது. கடுமையான படிப்பு என்று பயந்து பலர் விண்ணப்பிப்பதேயில்லை. 1983 இல் ஒரு வார சஞ்சிகை தொடங்கிய தரவரிசை நாளடைவில் பெற்றோரின் வேதமாகிவிட்டிருந்தது. அதிகமானோரை நிராகரிக்கும் கல்லூரிக்கு அதிலே புள்ளி கூடும். 2018 வரை அந்த விதி இருந்தது. சிக்காகோவும் 2008 இல் பொது விண்ணப்பப் படிவத்தை ஏற்றுக்கொண்டு விளம்பரத்தில் இறங்கியது. விண்ணப்பங்கள் குவிந்தன. சில ஆண்டுகளில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இடமில்லை என்ற நிலை வந்தது. 2016 இல் தரவரிசையில் மூன்றாம் இடம். அந்த இருபது ஆண்டுகளில் வகுப்பறையிலே என்ன மாறிவிட்டது?

தரவரிசையின் இலட்சணம் 2022 இல் வெளிப்பட்டது. கொலம்பியாவின் கணிதப் பேராசிரியர் ஒருவரே தமது பல்கலைக்கழகம் கொடுத்த தரவுகள் பிழையென்று எழுதினார். இரண்டாம் இடத்திலிருந்த கொலம்பியா பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது.

நண்பருக்கு இன்னொன்றும் சொன்னேன். பொருளியலாளர்களான ஸ்ரேசி டேல், அலன் குறூகர் இருவரும் 2002 இல் வெளியிட்ட ஆய்விலே, பெரிய பெயருள்ள இடத்தில் அனுமதி கிடைத்தும் வேறிடத்தில் படித்தவர்கள் பிற்காலத்தில் ஏறக்குறைய அதே வருமானத்தைப் பெற்றதைக் கண்டனர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய இடம் உண்மையிலேயே பயன் தந்தது. அவ்வாறிருந்தும், 2010களின் ஹாவார்டில் சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் விளையாட்டு வீரர், பழைய மாணவரின் பிள்ளைகள், நன்கொடையாளரின் உறவினர், ஊழியரின் பிள்ளைகள் என்ற வகைகளுக்குள் அடங்கியிருந்தனர். நீதிமன்ற வழக்கின்போது வெளிவந்த தரவுகளிலிருந்து தெரியவந்தது இது.

“பேத்தி என்ன படிக்கப் போகிறாள்?” என்று கேட்டேன். “பௌதிகம்” என்றார். சந்திரசேகர் 1995 இல் இறக்கும்வரை சிக்காகோவிலேயே இருந்தார் என்றேன். சற்று நேரம் மௌனம்.

“அதை ஒருக்கால் எழுதி அனுப்பும். இங்கே சொந்தக்காரருக்குக் காட்டவேண்டும்” என்றார்.