தூரடியில் குனிந்தவர்கள்

ராசிங்காபுரத்தில் விடியுமுன் ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். போடி, முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் கேரளம். பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகலெல்லாம் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். ‘மலைக்குப் போறோம்’ என்பார்கள். வேறு மாநிலத்துக்குப் போவதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மலையைப் பேணுவதற்கான திட்டங்களுக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. 1897இல் திருவிதாங்கூர் அரசு ஏலமலையைக் காப்புக்காடாக அறிவித்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. முன்னால் ஒரு 2 உண்டா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கர் தொங்குகிறது! நிலம் வருவாய்த்துறைக்கு, மரம் வனத்துறைக்கு என்று ஏற்பாடு. காய் குத்தகைதாரருக்கு. பறிக்கிற கை எந்தக் கணக்கிலும் இல்லை. சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் நடுவே கிடந்த கோடு, 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தபோது மாநில எல்லையாக உறுதிப்பட்டது. மலைக்குத் திட்டம் போடுவது ஒரு தலைநகரம். அதில் உழைப்பவர்களுக்கு ரேஷன் அட்டை கொடுப்பது இன்னொன்று.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைக் காப்பகம், மருத்துவம் என்று பேசியது. ஆனால் 5 ஹெக்டேருக்கோ 15 ஆட்களுக்கோ குறைந்த தோட்டத்தை அது தொடவில்லை. ஏலத்தில் சிறு தோட்டங்களே மிகுதி.

ஏலம் காட்டு நிழலில் வளரும் செடி. காய் உச்சியில் தொங்காது. தூரடியில் கிளம்பும் சரங்களில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும் என்பதால் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் வேலை. அதிக விளைச்சல் தரும் ஞள்ளானி ரகம் பரவியபின், வெயில் விழட்டும் என்று நிழல்மரக் கிளைகளைக் கழித்தார்கள். நிழல் குறைய ஈரம் குறைந்தது, பூச்சி கூடியது, மருந்தடிப்பும் கூடியது. அந்த மருந்து படிந்த இலைகளுக்கு அடியில்தான் இவர்கள் முகம் இருக்கும். ‘வாடை ரெண்டு நாளைக்குச் சேலைய விட்டுப் போகாதுத்தா’ என்றார் எங்கள் தெரு அக்கா ஒருவர்.

இதனால்தான் 2011இல் மாதவ் காட்கில் குழு அளித்த மேற்குத்தொடர்ச்சி மலை அறிக்கையை நான் பெண்களின் ஆவணமாகவும் படிக்கிறேன், அதை எழுதியவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள் என்றாலும். மலையை மூன்று மண்டலங்களாகப் பிரித்த அந்த அறிக்கை, ரசாயனப் பூச்சிமருந்தை முறையே 5, 8, 10 ஆண்டுகளில் கைவிடச் சொன்னது. முடிவெடுப்பதில் கிராமசபைக்கு இடம் கேட்டது. (எந்தக் கிராமசபை? காய் எடுப்பவர்களின் சபை எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. காட்கில் குழுவுக்கும் இது தோன்றவில்லை.)

எதிர்ப்பு கிளம்பியதும் கஸ்தூரிரங்கன் குழு வந்தது. 2013இல் அது குடியிருப்பு, வயல், தோட்டங்களைப் ‘பண்பாட்டு நிலப்பரப்பு’ என ஒதுக்கிவிட்டு, மலைத்தொடரில் ஏறத்தாழ 37 விழுக்காட்டுக்கு மட்டும் காப்பு கேட்டது. தடை செய்யச் சொன்ன பட்டியலில் சுரங்கம், கல்குவாரி, மணல், அனல்மின் நிலையம் எல்லாம் இருந்தன. பூச்சிமருந்து இல்லை. அதற்கும் இடுக்கியில் கடையடைப்பு நடந்தது. பட்டாவை இழந்துவிடுவோம் என்ற சிறுவிவசாயியின் அச்சம் பொய்யல்ல. ஆனால் அந்த ஆண்டு முழுக்க நடந்த விவாதத்தில், தூரடியில் குனிபவளிடம் யாரும் மைக்கை நீட்டவில்லை.

2020 ஊரடங்கில் போடிமெட்டுச் சோதனைச்சாவடி மூடப்பட்டது. தோட்டத்தில் காய் பழுத்து நின்றது. கீழே அடுப்பு எரியவில்லை. சிலர் காட்டுத் தடத்தில் நடந்தே மேலேறினார்கள். ‘பயமா இல்லையாக்கா?’ என்று கேட்டேன்.

‘ஜீப்பு வர்றதுக்கு முன்ன எங்க அப்பத்தா நடந்த தடந்தானத்தா’ என்றார்.