மண்குடமும் பொன்குடமும்



எனக்கு முன்னே பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். 'சில மதங்கள் வாளோடு பிறந்தவை, சில மதங்கள் மலரோடு பிறந்தவை' என்றார். கைதட்டலும் வாங்கினார். நான் கேட்கிறேன்: ஐயா, நீங்கள் எடை போட்டது எந்தக் கடைத் தராசு?

நம்ம வீட்டுப் பழமொழி இருக்கிறதே! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். (சிரிப்பு) குடம் ஒன்றுதான். உடைத்த கையைப் பார்த்து விலை ஏறுது, இறங்குது. நம் மதத்துக்காரன் கொன்றால், 'அது அரசியல்ங்க, காலம் அப்படி' என்கிறோம். அடுத்த மதத்துக்காரன் கொன்றால், 'அவன் வேதமே அப்படி' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

வரலாற்றுக்கு வாருங்கள். சிலுவைப் போர்களை எடுத்துக்கொள்வோம். 1099 ஜூலை 15. சிலுவைப் போர் வீரர்கள் ஜெருசலேமைப் பிடித்தார்கள். நகரத்துக்குள் இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். 88 ஆண்டுகள் கழித்து, 1187 அக்டோபரில், அதே நகரம் சுல்தான் சலாவுதீன் கைக்கு வந்தது. அவர் படுகொலை செய்யவில்லை. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் என்று மீட்புத் தொகை வாங்கிக்கொண்டு வெளியே விட்டார். பணமில்லாத ஏழைகள் பல ஆயிரம் பேர் அடிமைகளானார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உடனே ஒருவர் எழுந்திருப்பார்: 'பார்த்தீர்களா, எந்த மதம் வாள், எந்த மதம் மலர் என்று!' கொஞ்சம் பொறுங்கள், ஐயா. அதே சலாவுதீன், மூன்று மாதத்துக்கு முன்பு, ஹத்தீன் போரில் பிடிபட்ட டெம்ப்ளர் வீரர்களைத் தலைவெட்டச் சொன்னார். 1268இல் சுல்தான் பைபர்ஸ் அந்தியோக்கியாவைப் பிடித்தபோது அங்கே பெரும் படுகொலை நடந்தது. 1187 மதத்தின் பெருமை என்றால், 1268 யார் கணக்கு?

இந்தப் பக்கமும் பாருங்கள். 1096இல் ரைன் நதிக்கரை ஊர்களான வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டம் யூதர்களைக் கொன்றது. அதே ஆண்டு, பக்கத்து ஸ்பையர் நகரத்துப் பிஷப், யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்துப் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். கொன்றவர்கள் கையிலும் சிலுவை, காத்தவர் கழுத்திலும் சிலுவை! 1204இல் என்ன ஆச்சு? கிறிஸ்தவப் படையே கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டாண்டிநோபிளைக் கொள்ளையடித்தது.

அப்படியானால் மதத்துக்குப் பங்கே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1095இல் போப் இரண்டாம் அர்பன் அழைத்தபோது, பக்தியோடு போகிறவனுக்கு அந்தப் பயணமே பாவப் பரிகாரம் என்று அறிவிக்கப்பட்டது. வாளுக்கு மதம் உறை மட்டுமல்ல, சில நேரம் சாணைக்கல்லும்கூட. என் வாதம் ஒன்றுதான். மதத்தைக் கூண்டில் ஏற்றுவதென்றால் எல்லா மதத்தையும் ஏற்றுங்கள். 'செய்தது ஆள், மதம் அல்ல' என்று விடுவிப்பதென்றால் எல்லா மதத்தையும் விடுவியுங்கள். நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர் அங்கே தராசைத்தான் உவமை காட்டினார். தராசுக்குச் சொந்தக்காரன், அயலான் தெரியாது!

என் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்வேன். ஒரு கொடுமையைப் படிக்கும்போது கொன்றவன் மதத்தைக் கையால் மூடிக்கொள். ஏவியது யார், லாபம் யாருக்கு, தடுத்தது யார், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது யார் என்று கேள். தீர்ப்பை எழுது. அப்புறம் கையை எடு. எழுதிய தீர்ப்பை மாற்றத் தோன்றினால், உன் தராசில் கல் ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

தன் வீட்டுக் குடத்தையும் அதே விலைக்கு மதிப்பிட முடியுமா? முடியும். 2001 மே மாதம் ஏதென்ஸ் நகரில், போப் இரண்டாம் ஜான் பால் 1204 கொள்ளையை நினைவுகூர்ந்து, கத்தோலிக்கர் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழித்து! அவர் மதம் அதனால் சிறுத்துப் போகவில்லையே!

நாளைக்குச் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லும்போது, பக்கத்தில் உங்கள் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் கொடுக்கும் தராசில்தான் அது ஆயுள் முழுக்க மனிதர்களை நிறுக்கப்போகிறது. நல்ல தராசாகக் கொடுங்கள்.