கம்பி புதிது, ஆட்டம் மட்டும் பழையது

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய சீரிஸ் ரக லேண்ட் ரோவர்கள் இன்றும் ஓடுகின்றன. ஸ்டியரிங் ஆடுகிறது என்று இணைப்புக் கம்பிகளைத் தடித்ததாக மாற்றிய பிறகும் ஆட்டம் போகவில்லையா? அந்த நிலையில் மலைச்சாலையில் இறங்காதீர்கள்.

இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக அசைக்கட்டும். இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையவில்லையோ, அங்கேதான் கோளாறு.

புதிய பால் ஜாயிண்டின் கூம்புத் தண்டு பழைய துளையில் இறுக்கமாக உட்காராவிட்டால், எவ்வளவு முடுக்கினாலும் ஆடும். கம்பியின் கிளாம்புகளையும் பாருங்கள்.

அவை சரியென்றால் ஸ்டியரிங் பாக்ஸ், சக்கர பேரிங், சுவிவல் பின் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பாக்ஸின் திருகை அளவுக்கு மீறி முடுக்கினால் ஸ்டியரிங் வளைவில் பிடித்துக்கொள்ளும்.

பலர் மறப்பது, முன்பக்கச் சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ரிலே. கம்பியை மாற்றும்போது அதை யாரும் தொடுவதில்லை. அதனுள் அழுத்தி வைத்த வலுவான ஸ்பிரிங் இருப்பதால், வீட்டில் பிரிக்க வேண்டாம், பட்டறையில் கொடுங்கள். கம்பி மாற்றினாலே சக்கர அலைன்மெண்ட்டும் பார்த்தாக வேண்டும்.