துண்டும் பிணையும்: விமானிப் பயிற்சிக் கடன் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

தொழிலாளியைக் கடனால் கட்டிவைக்கும் முறை பெருந்தோட்டங்களோடு முடிந்துபோன ஒன்றென நாம் கருதுவதுண்டு. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே சென்றால் எதிர்ப்படும் இரத்மலானை விமான நிலையத்தின் வரலாறு, இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

1947 டிசெம்பர் 10 ஆந் திகதி எயார் சிலோனின் முதற் சேவை இங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. அன்று பறந்தது டக்கோட்டா. 1979 இல் எயார் லங்கா தோன்றியபோது போயிங் 707 வந்தது, பின்னர் ட்ரைஸ்டார், 1994 இல் ஏர்பஸ் ஏ340. விமான வகை மாறுந்தோறும் விமானியும் புதிதாகப் பயிலவேண்டியவனாகின்றான். அனுமதிப்பத்திரம் மாத்திரம் போதாது. குறிப்பிட்ட வகை விமானத்துக்குரிய தகுதியையும் வகுப்பறையிலும் பாவனைப் பொறியிலும் பயின்று, சோதனையில் தேறிப் பெறவேண்டும். இதுவே ‘டைப் ரேட்டிங்’ எனப்படுவது.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. விமானம் கம்பனியின் உடைமை. அதனைச் செலுத்தும் தகுதியோ விமானியை விட்டுப் பிரிக்கவியலாதது. செலவிட்ட கம்பனியை விட்டு அவன் நீங்கின், அத்தகுதியும் உடன் செல்லும். எனவே கம்பனி பயிற்சிச் செலவை ஏற்று, குறித்த ஆண்டுகள் சேவையாற்றுமாறு பிணை எழுதி வாங்குகின்றது. இடையில் விலகுவோன் பணத்தைத் திருப்பிச் செலுத்தவேண்டும். வேறு சில கம்பனிகள் செலவு முழுவதையும் பயிலுநர் மீதே சுமத்துகின்றன. அவ்வாறாயின், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள நடுத்தரக் குடும்பமொன்று நகையையும் வீட்டையும் ஈடுவைத்தே அத்தொகையைத் திரட்டவேண்டியிருக்கும்.

இதன் முன்னோடியை மலையகத்திற் காணலாம். அங்கு தொழிலாளி, தான் வந்துசேர்ந்த வழிச்செலவுக்கும் முற்பணத்துக்கும் கங்காணியிடம் கடன்பட்டான். அக்கடன் தீர்க்கப்பட்டால் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’. புதிய தோட்டம் பழைய கடனைச் செலுத்தி ஆளை எடுத்தது. கடன் அவனைத் தொடர்ந்தது. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இரண்டையும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. தோட்டத் தொழிலாளி எழுத்தறிவும் மாற்றுவழியும் மறுக்கப்பட்டவன். விமானியோ உயர் ஊதியம் பெறுபவன். பயிற்சி முடிந்ததும் அவன் விலகுவதால் கம்பனிக்கு ஏற்படும் நட்டமும் பொய்யன்று. ஆயினும் அடிப்படைத் தர்க்கம் ஒன்றே: உற்பத்திக்கு இன்றியமையாத செலவு உழைப்பவனின் கடனாக உருமாறுகின்றது. கடன் மட்டுமன்றி, அரச விதிகளும் வெளியேறும் வழியை ஒடுக்கக்கூடும்: இந்தியாவில் விமானத் தலைவர்கள் விலகுவதற்கு ஓராண்டு முன்னறிவித்தல் தரவேண்டுமென 2017 இல் விதிக்கப்பட்டது.

இக்கேள்வி ஊதியத்தோடு நின்றுவிடுவதன்று. விலகவியலாத விமானி, களைப்புற்ற நிலையில் ‘இன்று பறக்கமாட்டேன்’ எனக் கூறத் தயங்கக்கூடும். அத்தயக்கத்தின் விலையைப் பயணிகளே செலுத்த நேரிடும். ஆகவே பிணைத்தொகை உண்மைச் செலவை விஞ்சாததாகவும், சேவையாற்றும் மாதந்தோறும் குறைவதாகவும், கம்பனியே ஆட்குறைப்புச் செய்யின் அற்றுப்போவதாகவும் அமைதல் வேண்டும். கடனை உழைப்பவனின் முதுகிலிருந்து இறக்குதலே 1921 நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.