அகலத்திரையில் குள்ளமான ராஜராஜன்

1973-இல் ‘ராஜராஜ சோழன்’ வந்தபோது, தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன தியேட்டரில் நான் அசிஸ்டென்ட் ஆபரேட்டர். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம். ஆனந்த் தியேட்டர் உமாபதி தயாரிப்பு, சிவாஜி ராஜராஜன், டைரக்‌ஷன் ஏ.பி. நாகராஜன். ‘திருவிளையாடல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ எடுத்த அதே ஏ.பி.என்., எங்கள் சீமை ராஜாவைப் படமாக்குகிறார். ஊர் எப்படிக் காத்திருந்திருக்கும்!

ஸ்கோப் அப்போது உலகத்துக்குப் புதிதல்ல. ஹாலிவுட்டில் 1953-இல் ‘தி ரோப்’ படத்தோடு வந்தது. இந்தியில் 1959-இல் குருதத் ‘காகஸ் கே பூல்’ எடுத்தார். ஆனால் தமிழ்ப் படம் மட்டும் ஓட்டுகிற சின்ன ஊர் தியேட்டருக்கு அதனால் ஒரு வேலையும் வரவில்லை. எங்கள் திரை பழைய நாலுக்கு மூணு கணக்கு: 20 அடி அகலம், 15 அடி உயரம்.

ஸ்கோப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லோரும் ஒட்டடைக்குச்சியாக நிற்பார்கள். பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிந்த படம் அது. புரொஜக்டரில் அதற்கென்று ஒரு லென்ஸை மாட்டினால்தான் விரிந்து ஆள் ஆளாகும். லென்ஸைக் கொஞ்சம் கோணலாக மாட்டிவிட்டால் தூண்கள் சாயும், விசில் பறக்கும். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒன்று வாங்கினார்.

சங்கடம் திரையில் இருந்தது. ஸ்கோப் படம் உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம். திரைக்கு இரண்டு பக்கமும் சுவர், எங்கே விரிப்பது? அகலத்தை அப்படியே வைத்து, மேலும் கீழும் கறுப்புத் துணி கட்டினோம். 15 அடி உயரம் எட்டரை அடியானது. அகலத்திரை என்று நோட்டீஸ் அடித்த படம், அதே திரையில் போன மாதம் ஓடிய படத்தைவிடச் சின்னதாகத் தெரிந்தது. இடைவேளையில் ஒரு பெரியவர் மேலே ஏறிவந்து, “தம்பி, மீதிப் படத்தை எங்கே மறைச்சு வச்சிருக்கே?” என்று கேட்டார்.

துணியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கும்பகோணத்தில் பெரிய திரையில் பார்த்தபோதும் மனசு நிறையவில்லை. ஈழம் வரை படை நடத்திய அரசனின் கதை, வேங்கி இளவரசனுக்குப் பெண் கொடுக்கும் விவகாரத்திலும் பாலதேவர் என்பவரின் சூழ்ச்சியிலுமே சுற்றி வந்தது. மூலம் அரு. ராமநாதனின் நாடகம், டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிப் பேர் வாங்கியது. ஏ.பி.என்.னும் சின்ன வயதில் அந்தக் கம்பெனியில் வளர்ந்தவர். அகலம் கிடைத்ததும் அவர் கண்ணுக்கு அது மேடையாகத்தான் பட்டது போலிருக்கிறது. அரசவையில் எல்லோரும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாக நின்று, முறை வைத்து வசனம் பேசினார்கள்.

அவருடைய பலம் வேறு. ‘திருவிளையாடல்’ படத்தில் தருமி புலம்புவதையும் சிவன் சிரித்துக்கொண்டு கேட்பதையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு முகமும் பேச்சும் போதும்; அதற்கு நாலுக்கு மூணு சட்டம் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஸ்கோப்பில் முகத்தை நெருங்கினால் இரண்டு பக்கமும் வெற்றிடம் நிற்கும். தள்ளி நின்றால் சிவாஜியின் கண் தெரியாது. ராஜராஜன் கட்டிய பெரிய கோயிலின் விமானமோ 216 அடி நெட்டுக்குத்தாக எழும்பியது. படுத்துக்கிடக்கும் திரைக்குள் அதை எப்படி நிறுத்துவது? உயரத்தால் பேர் பெற்றவனுக்கு அகலத்தைக் கொடுத்தார்கள்.

ஓடாத படம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏ.பி.என். படமென்றால் திரும்பத் திரும்ப வருகிற கூட்டம் எங்கள் ஊரில் இதற்கு வரவில்லை. 1977-இல் அவர் காலமானார். எண்பதுகளில் தமிழ்ப் படங்கள் வரிசையாக ஸ்கோப்புக்கு மாறியபோது, முதலாளி பக்கச்சுவரை இடித்துத் திரையை நீட்டினார். லென்ஸ் மட்டும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ராஜராஜனுக்காக வாங்கியது, அதற்குப் பிறகு வந்த டைரக்டர்கள் எல்லோருக்கும் உழைத்தது.