தொரப்பள்ளிக்காரர் எழுதிய பார்வதி: கதையும் படமும்

நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போகிறவர் திரும்பி வந்து சொல்லும் முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? "கதையைக் கெடுத்துட்டாங்க" என்பதுதான். பொன்னியின் செல்வன் 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வந்தபோது தமிழ்நாட்டில் இந்த வழக்கு மறுபடியும் பெரிதாக நடந்தது. அந்தக் காட்சி ஏன் இல்லை, இந்தப் பாத்திரம் ஏன் இப்படி மாறியது என்று பக்கத்துக்குப் பக்கம் கணக்குப் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு படம் புத்தகத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் உண்மையில் என்ன? இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஓசூர் பக்கத்திலேயே இருக்கிறது.

மூக்கண்டப்பள்ளி இன்று தொழிற்சாலைகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் இருக்கும் ஊர். ஷிப்டு முடிந்து வரும் கூட்டத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் காதில் விழும். அங்கிருந்து ஓசூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்த கிராமம் அது. அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கதைகள் எழுதினார் என்பதும், அவற்றில் ஒன்று சினிமாவாகி தேசிய விருது பெற்றது என்பதும் பலருக்குத் தெரியாது. அந்தக் கதையின் பெயர் 'திக்கற்ற பார்வதி'.

ராஜாஜி பொழுதுபோக்குக்காகக் கதை எழுதியவர் அல்ல. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். சுற்றியிருந்த கிராமங்களில் குடி என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். கள்ளுக்கடையை ஒழிப்பதற்கென்றே 1929-ல் 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக வேலை செய்தவர் கல்கி! பின்னாளில் தமிழ்நாட்டையே வாரா வாரம் காத்திருக்க வைத்த தொடர்கதைக்காரர், மதுவிலக்குப் பத்திரிகையிலும் வேலை பார்த்திருக்கிறார்.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் ராஜாஜி செய்த முதல் பெரிய காரியங்களில் ஒன்று மதுவிலக்கு. அந்த வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி அதைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். அன்றைய சேலம் மாவட்டத்தில் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேர்ந்தவை. 1965-ல் தர்மபுரி மாவட்டமும், 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தது பிறகு நடந்த கதை. ஆக, அவர் பிறந்த மண்தான் மதுவிலக்கின் சோதனைக்களமாகவும் இருந்தது.

திக்கற்ற பார்வதியை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். பார்வதியும் கருப்பனும் உழைத்துப் பிழைக்கும் இளம் தம்பதி. நன்றாகத்தான் வாழ்கிறார்கள். பிறகு கருப்பன் குடிக்கப் பழகுகிறான். குடி கடனில் கொண்டுபோய் விடுகிறது. கடன் கொடுத்த இடத்தின் பிடி கடைசியில் பார்வதியின் மேல் விழுகிறது. அடிதடி, வழக்கு, கோர்ட் என்று போய், அவளுக்குப் போக்கிடமே இல்லாமல் ஆகிவிடுகிறது. தலைப்பில் உள்ள 'திக்கற்ற' என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். குடித்தவன் ஒருவன், விலை கொடுத்தவள் இன்னொருத்தி. கதையின் முள் அங்கேதான் இருக்கிறது.

இப்படி ஒரு கதையைத் தமிழ் சினிமா எப்படிக் கையாளும்? அதற்கு முன் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் புரியும்.

முதலாவது 'தியாகபூமி'. கே. சுப்பிரமணியம் இயக்கி 1939-ல் வந்தது. கல்கி இதைத் திரைக்காகவே எழுதினார். படம் தயாராகும்போதே ஆனந்த விகடனில் தொடராகவும் வந்தது. ஓவியத்துக்குப் பதில் படத்தின் புகைப்படங்களே தொடரில் அச்சாயின. இங்கே புத்தகம் முன்னால், படம் பின்னால் என்ற பேச்சே இல்லை. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பிறகு 1940-ல் பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது.

இரண்டாவது 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல். நாமக்கல்லும் பழைய சேலம் மாவட்டம்தான். 1954-ல் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தார், எம்.ஜி.ஆர். நடித்தார், வசனம் மு. கருணாநிதி. படம் பெரிய வெற்றி. வேறு பல மொழிகளிலும் எடுக்கப்பட்டது. இன்று மலைக்கள்ளன் என்றால் எம்.ஜி.ஆர். முகம்தான் நினைவுக்கு வருகிறது, நாமக்கல் கவிஞர் பெயர் பலருக்கு வருவதில்லை. நட்சத்திரம் உள்ளே வந்தால் நாவலாசிரியர் மெல்ல வெளியே போய்விடுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதே கருணாநிதி பின்னாளில் முதலமைச்சரானார். 1971-ல் அவர் அரசு மதுவிலக்கைத் தள்ளி வைக்க முடிவு செய்தது. 92 வயது ராஜாஜி அவரை நேரில் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார்.

இந்த நேரத்தில்தான் திக்கற்ற பார்வதி படமாகிறது. இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். பின்னாளில் வசனமே இல்லாத 'பேசும் படம்', 'அபூர்வ சகோதரர்கள்' எல்லாம் எடுத்த அதே சிங்கீதம்தான். பார்வதியாக லட்சுமி, கருப்பனாக ஸ்ரீகாந்த். இசை வீணை சிட்டிபாபு. படப்பிடிப்பு ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே நடந்தது. 1974-ல் வெளியானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அதே 1974-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு திரும்பவும் வந்தது. படத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரே பேசிக்கொண்டிருந்த விஷயத்தைப் படமும் பேசியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ராஜாஜிக்கு சினிமா என்றாலே ஆகாது. அது மக்களைக் கெடுக்கிறது என்றே நினைத்தார். அப்படிப்பட்டவரின் கதைக்குத்தான் சினிமா இத்தனை மரியாதை செய்தது.

அந்த மரியாதை எதில் இருக்கிறது? எழுத்தில் ஆசிரியர் நடுவில் புகுந்து புத்தி சொல்லலாம், ராஜாஜி அதற்குத் தயங்கியவர் அல்ல. திரையில் யாராவது நின்று குடி தீது என்று பிரசங்கம் செய்தால் அது செய்திப்படம் ஆகிவிடும். அங்கே லட்சுமியின் முகம்தான் பேச வேண்டும். வார்த்தையை முகமாக்குவது பெரிய மாற்றம். அந்த வகையில் எந்தப் படமும் புத்தகத்துக்கு நூறு சதவீதம் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் வழக்கமான சினிமா இந்தக் கதையில் சுலபமாகச் செய்திருக்கக்கூடிய ஒன்று உண்டு. கடைசியில் கருப்பனைத் திருத்தி, பார்வதியிடம் மன்னிப்புக் கேட்க வைத்து, சுபம் போட்டிருக்கலாம். இந்தப் படம் அதைச் செய்யவில்லை. பார்வதியைத் திக்கற்றவளாகவே விட்டது. அதனால்தான் கதை கேட்ட கேள்வி பார்ப்பவனோடு வீட்டுக்கு வருகிறது.

இதை மற்ற படங்களோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஜெயகாந்தன் தன் கதையை யாரும் தொடக்கூடாது என்று 'உன்னைப்போல் ஒருவ'னை 1965-ல் தானே இயக்கினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பீம்சிங் இயக்கத்தில் வந்தபோது திரைக்கதையைத் தானே எழுதினார். அதில் கங்காவாக நடித்துத் தேசிய விருது வாங்கியவரும் இதே லட்சுமிதான். மகேந்திரன் நேர் எதிர். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யில் இருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு 1979-ல் 'உதிரிப்பூக்கள்' செய்தார். கதை மிகவும் மாறிவிட்டது, ஆனால் தாயில்லாக் குழந்தைகளின் துக்கம் மாறவில்லை. பூமணியின் 'வெக்கை' 2019-ல் 'அசுரன்' ஆனபோது நாவலில் இல்லாத பெரிய முன்கதையை வெற்றிமாறன் சேர்த்தார். நிலமும் சாதியும் சேர்ந்து ஒரு குடும்பத்தைத் துரத்துவது அப்படியே நின்றது.

ஓசூர் எல்லையைத் தாண்டினால் கன்னடத்திலும் அதே காலத்தில் இதே முயற்சி நடந்தது. அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' 1970-ல் படமானது. சென்னைத் தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்தது. புத்தகமாக இருந்தவரை பொறுத்துக்கொண்ட விஷயம் திரைக்கு வந்ததும் பொறுக்கவில்லை! ஒருவகையில், படம் நாவலின் கூர்மையை மழுக்கவில்லை என்பதற்கு அந்த மறுப்பே அத்தாட்சி.

ஆகவே காட்சிக்குக் காட்சி, வரிக்கு வரி ஒப்பிடுவது சரியான அளவுகோல் அல்ல. புத்தகம் யாருக்காக வருந்தியது, யாரைக் குற்றம் சொன்னது என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டையும் படம் மாற்றாமல் இருந்தால், நூறு காட்சி மாறினாலும் அது உண்மையான படம். அந்த இரண்டும் மாறிவிட்டால், ஒரு கமா கூட விடாமல் எடுத்தாலும் அது வேறு கதை.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக். சம்பள நாளன்று அந்தக் கடைகளில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குக் கருப்பன் பழைய காலத்து ஆள் என்று தோன்றாது. அவனுக்காக வீட்டில் காத்திருப்பவளின் பெயர் மட்டும் பார்வதியாக இல்லாமல் இருக்கலாம்.

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொரப்பள்ளி நினைவு இல்லத்துக்குப் போய்விட்டு வரலாம். கதையை முதலில் படித்துவிட்டு, பிறகு படத்தைத் தேடிப் பார்க்கலாம். கெடுத்துவிட்டார்களா இல்லையா என்று அதன்பின் தீர்ப்புச் சொல்லலாம்.