செஞ்சியின் குட்டை மலைகள்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்கம் என்னும் மூன்று மலைகளின் மேல் நிற்கிறது. மூன்றில் உயர்ந்த ராஜகிரியே தரையிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர்தான். எவ்வளவு உயர்ந்தால் மலை என்பதற்கு உலகம் முழுதும் ஒப்பிய அளவு கிடையாது. பிரிட்டனில் 2,000 அடி வழக்கில் உள்ளது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மலை வரையறை, தாழ்வான நிலப்பகுதிகளில் சுற்றுவட்டாரத்துக்குள் 300 மீட்டர் ஏற்ற இறக்கமாவது வேண்டும் என்கிறது. தன் உயரத்தை மட்டும் கொண்டு ராஜகிரி இரண்டையும் எட்டாது.

நிலவியலார் இத்தகைய குன்றுகளை உயரத்தால் அல்லாமல் உருவான விதத்தால் வகைப்படுத்துகின்றனர். சமவெளியில் தனித்தெழும் பாறைக்குன்றுக்கு 1900இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் வைத்த பெயர் இன்செல்பர்க். பள்ளிப் பாடநூல்கள் இதைக் காற்றரிப்பு நிலத்தோற்றங்களோடு சேர்க்கின்றன; செஞ்சிக்கு அது பொருந்தாது. இங்குள்ள கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானது. அதன் வெடிப்புகளில் நீர் இறங்கி, நெருக்கமாக வெடித்த பகுதிகளை மண்ணாக்கியது. மழையும் ஆறும் அம்மண்ணை அகற்ற, வெடிப்பு குறைந்த பாறை எஞ்சியது. சந்திராயன் துர்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உருண்டைப் பாறைகள் யாரும் அடுக்கியவை அல்ல. விளிம்பு கரைந்து நின்ற இடத்திலேயே உருண்டையானவை.

கோட்டை கட்டியவர்களுக்கு இந்த அமைப்பே மூலதனம். 1190 வாக்கில் ஆனந்தக்கோன் ராஜகிரியில் அரண் எழுப்பியதாக மரபுவரலாறு கூறுகிறது. பின்வந்தவர்கள் மூன்று மலைகளையும் மதிலால் இணைத்தனர். செங்குத்தான பாறை இருக்குமிடத்தில் மதிலுக்கு வேலை குறைவு. ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை ஆழமாகப் பிளந்து கிடக்கிறது. அதன்மேல் கிடத்திய மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வழியில்லை.

1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றினார். பின்னர் கோட்டைக்குள் இருந்த அவர் மகன் ராஜாராமை வளைத்து 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது. சுல்பிகர் கான் மராட்டியரோடு மறைவாக உறவாடியதும் தாமதத்துக்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுவதால், எட்டாண்டுப் பெருமை முழுவதையும் பாறைக்கே கொடுத்துவிட முடியாது. 1750இல் பிரெஞ்சுப் படை ஒரே இரவுத் தாக்குதலில் உச்சியையும் பிடித்தது. காவல் தளர்ந்தால் எந்தச் சரிவும் ஏறக்கூடியதே.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அவற்றை மலை, காடு, பீடபூமி, கடற்கரை, தீவு என நிலத்தைக் கொண்டே பிரித்தது. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டையான செஞ்சி, கடல்மட்டத்திலிருந்து 1,567 மீட்டர் உயர்ந்த சால்ஹேரோடு சேர்ந்து மலைக்கோட்டை வகையில் இருக்கிறது.